மருமகளை அழவைக்கும் கிழங்கு

ஊதாக் கிழங்கு எண்டால் எங்களுக்கு இராசவள்ளிதான். உருளைக்கிழங்கு எண்டால் வெள்ளை, மிஞ்சினால் மஞ்சள். ஊதா உருளைக்கிழங்கைக் கண்டால் யாரோ சாயம் போட்டிருக்கினம் எண்டுதான் முதலில் நினைப்பம். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

உருளைக்கிழங்கின் தாய்நிலம் தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைகள். டிட்டிக்காக்கா ஏரியைச் சூழ்ந்த மேட்டுநில மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதைப் பயிராக்கினார்கள். இன்றும் அந்தீசில் 4000க்கு மேற்பட்ட நாட்டு வகைகள் உண்டு. கறுப்பு, சிவப்பு, ஊதா. சிலதை வெட்டினால் வெள்ளைக்குள் ஊதா வளையம். இராசவள்ளிக்கு நிறம் கொடுக்கும் அந்தோசயனின்தான் இங்கேயும் வேலை செய்கிறது. ஒரு வகைக்கு கெச்சுவா மொழியில் 'மருமகளை அழவைப்பது' எண்டு பெயர். உடம்பெல்லாம் முண்டும் முடிச்சும், தோல் சீவி முடியாது. மாமியார் பகிடி அங்கேயும் இருக்கிறது, பாருங்கோ!

அந்த விவசாயிகள் ஒரே துண்டு நிலத்தில் பல வகைகளைக் கலந்து நடுவார்கள். பனி ஒன்றைக் கொன்றால் இன்னொன்று தப்பும். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது இந்தச் செல்வத்தின் சிறு பகுதிதான். அங்கே இன்னொரு சிக்கல். அந்தீஸ் கிழங்கு குறுகிய பகலில் விழுந்து பழகியது. ஐரோப்பாவின் நீண்ட கோடைப் பகலில் செடி தளதளவென்று வளரும், கிழங்கு விழாது. அதனால் கெதியாய் விளைபவற்றையே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்தார்கள். பிரான்சில் 'விற்றலொட்' என்ற ஊதா வகை தப்பிப் பிழைத்தது. ஆனால் அது பிந்தி விளையும், விளைச்சலும் குறைவு, கண்களோ ஆழம். பெருஞ்சந்தைக்கு அது தோதுப்படவில்லை.

சந்தைக்கும் வறுமைக்கும் ஏற்ற ஒரே வகையில் தங்கினால் என்ன நடக்கும்? அயர்லாந்து ஏழைகள் 'லம்பர்' என்ற வகையையே பெரும்பாலும் நம்பியிருந்தார்கள். கிழங்கை வெட்டி நடும்போது வருவது புதுச் செடியல்ல, பழையதின் நகல். 1845இல் வெளிறல் நோய் வந்தபோது வயல் வயலாக அழுகியது. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 10 இலட்சம் பேர் செத்தார்கள். அதைவிடக் கூடுதலானோர் நாட்டைவிட்டுப் போனார்கள். நோய் மட்டும் கொல்லவில்லை. அந்தப் பஞ்சத்துக்குள்ளும் தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. ஊதா நிறம் நோயைத் தடுத்திருக்கும் எண்டு நாங்கள் சொல்ல வரேல்லை. பல வகை இருந்திருந்தால் ஏதோ கொஞ்சமாவது மிஞ்சியிருக்கலாம், அவ்வளவுதான்.

1971இல் பெருவின் லிமாவில் சர்வதேச உருளைக்கிழங்கு மையம் தொடங்கி, நாட்டு வகைகளைச் சேகரித்தது. பின்னர் பிசாக் பகுதியின் கெச்சுவா ஊர்கள் உருவாக்கிய 'உருளைக்கிழங்குப் பூங்கா'வுக்கு, நோய் நீக்கிய விதைக்கிழங்குகள் திரும்பிப் போயின. இது எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது. குளிரறையில் கிடக்கும் விதை சாகாமல் இருக்கும், உண்மைதான். ஆனால் எந்தச் சரிவில் எதை நடுவது, எதை எப்பிடிச் சமைப்பது, எதற்கு ஏன் அந்தப் பெயர் என்பதெல்லாம் வயலில் நிற்கிற ஆட்களிடம்தான் இருக்கிறது. அவர்கள் நடுவதை விட்டால், மருமகள் ஏன் அழுதாள் எண்டு சொல்ல ஒருத்தரும் மிஞ்சமாட்டினம்.