காதேசில் தவறிய வாசல்

எகிப்திலிருந்து புறப்பட்ட இஸ்ரவேலர் சீனாய் மலையடிவாரத்தில் பாளயம் இறங்கியதைச் சென்ற வாரம் பார்த்தோம். அங்கிருந்து கானான் அதிக தூரமில்லை. சீனாயின் மறுபெயரான ஓரேப் மலையிலிருந்து கானானின் தெற்கு எல்லையான காதேஸ்பர்னேயாவுக்கு 11 நாள் பயணம் என்று உபாகமத்தின் முதல் அதிகாரமே சொல்கிறது. அப்படியிருந்தும் கானானுக்குள் கால் வைக்க 40 ஆண்டுகள் ஆயின. வழி தெரியாமல் சுற்றினார்கள் என்றே பலரும் நினைக்கிறார்கள். வழி தெரிந்துதான் இருந்தது. காதேசில் மனம் உடைந்து போனதுதான் காரணம்.

மோசே கோத்திரத்துக்கு ஒருவராக 12 பேரைக் கானானை வேவு பார்க்க அனுப்பினார். 40 நாள் கழித்து வந்தவர்கள் எஸ்கோல் பள்ளத்தாக்கில் அறுத்த ஒரே ஒரு திராட்சைக் குலையைத் தடியில் கட்டி, இரண்டு பேர் தோளில் சுமந்து வந்தார்கள். மண் வளமானதுதான், ஆனால் பட்டணங்களுக்கு மதில் இருக்கிறது, ஆட்கள் ராட்சதர்கள், நம்மால் ஆகாது என்றார்கள் 10 பேர். போகலாம் என்றவர்கள் காலேபும் யோசுவாவும் மட்டுமே. ஜனங்கள் இரவு முழுக்க அழுதார்கள். எகிப்துக்கே திரும்பிவிடலாம், வேறொரு தலைவனைப் பிடிப்போம் என்று பேச்சு கிளம்பியது. வேவு பார்த்த நாள் ஒன்றுக்கு ஓர் ஆண்டு என்று தண்டனை விழுந்தது. 20 வயதைத் தாண்டியவர்களில் அந்த இருவரைத் தவிர எவரும் கானானைக் காணப்போவதில்லை.

காதேசை விட்டதிலிருந்து சேரேத் ஆற்றைக் கடக்கும் வரை 38 ஆண்டுகள். இந்த நீண்ட காலத்தைப் பற்றி எண்ணாகமம் சொல்வது மிகக் குறைவு. 33ஆம் அதிகாரத்தில் பாளயம் இறங்கிய இடங்களின் பட்டியல் இருக்கிறது. பெரும்பாலும் வெறும் ஊர்ப்பெயர்கள். அடிமைத்தனத்தை நேரில் கண்ட ஒரு தலைமுறை முழுவதும் அந்தப் பெயர்களுக்கு நடுவில் மண்ணுக்குள் போய்விட்டது. வெற்றிகளை விரித்துச் சொல்லும் வேதாகமம் இந்த இடத்தில் வாய் மூடியிருப்பது என்னை ஒவ்வொரு முறையும் கலங்க வைக்கிறது.

இது நடந்ததா என்று கேட்டால், மண்வெட்டி உடனே பதில் தரவில்லை. காதேஸ் என்று பலரும் ஏற்கும் இடம் வடக்கு சீனாயில் உள்ள அயின் எல் குதெய்ராத் என்னும் வற்றாத ஊற்று. 1976 முதல் 1982 வரை ருடால்ஃப் கோகன் அங்கே அகழ்ந்தார். ஒன்றன் மேல் ஒன்றாகக் கட்டிய கோட்டைகள் கிடைத்தன. எல்லாமே யூதா அரசர்கள் காலத்தை ஒட்டியவை. மோசே காலத்துப் பெருங்கூட்டம் தங்கியதற்கான தடயம் இல்லை. போர் செய்யத்தக்க ஆண்கள் மட்டும் 6,03,550 பேர் என்கிறது எண்ணாகமம். குடும்பங்களைச் சேர்த்தால் 20 லட்சத்தைத் தாண்டும். அவ்வளவு பேருக்கு அந்த ஊற்று போதாது.

ஆனால் பாலைவனத்தில் வாழாதவர் எழுத முடியாத செய்திகள் இந்தக் கதையில் இருக்கின்றன. இஸ்ரவேலர் பாலைவனத்தில் உண்ட மன்னாவை எடுத்துக்கொள்ளுங்கள். கொத்தமல்லி விதை அளவில், தேனிட்ட பணியாரத்தின் ருசியில், விடியற்காலையில் தரையில் கிடக்கும், வெயில் ஏறினால் உருகிவிடும் என்கிறது யாத்திராகமம். 1927இல் எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியலாளர் போடன்ஹைமர் சீனாய்க்கே போய் ஆராய்ந்தார். தாமரிஸ்க் மரத்தின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சிகள் இனிப்பான துளிகளை வெளியேற்றுகின்றன. அவை காய்ந்து உருண்டையாகக் கீழே விழுகின்றன. எறும்புகள் மொய்ப்பதற்கு முன் பெதூயின் மக்கள் அதிகாலையில் பொறுக்குகிறார்கள். அவர்கள் அதை ‘மன்’ என்றே அழைக்கிறார்கள். ஆண்டில் சில வாரம், கொஞ்சமே கிடைக்கும். லட்சக்கணக்கானோருக்கு இது உணவாகாது. நினைவில் நிற்க இது போதும்.

இதைவிட வலுவான சாட்சி, அகாபா வளைகுடாவுக்கு வடக்கே திம்னா செப்புச் சுரங்கத்தில் கிடைத்தது. எகிப்தியர் அங்கே ஆத்தோர் தேவிக்கு ஒரு சிறு கோயில் கட்டியிருந்தார்கள். 1969இல் அதை அகழ்ந்த பெனோ ரோதன்பர்க், எகிப்தியர் போன பிறகு மீதியானியர் அதைத் தமதாக்கியதைக் கண்டார். தேவியின் முகங்களைச் சிதைத்திருந்தார்கள். மேலே கூடாரம் போட்டிருந்ததற்குச் சாட்சியாகச் சிவப்பும் மஞ்சளுமான துணிகள் குவியலாகக் கிடந்தன. நடுவே ஒரு செப்புப் பாம்பு, தலையில் மட்டும் பொன் பூச்சு. பாலைவனத்தில் மோசே கம்பத்தில் உயர்த்திய வெண்கல சர்ப்பத்தையும், சிவப்புச் சாயம் தோய்த்த ஆட்டுக்கடாத் தோல் போர்த்திய ஆசரிப்புக் கூடாரத்தையும் நினைக்காமல் இதைப் பார்க்க முடியாது. மோசேயின் மாமனார் எத்திரோ மீதியானிய ஆசாரியர் அல்லவா!

இது மோசே செய்த பாம்பு என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். ஆனால் கூடாரத்தில் தெய்வத்தை வணங்கியவர்கள் அந்தப் பகுதியில், அந்தக் காலத்தை ஒட்டி இருந்தார்கள் என்பது இனிக் கற்பனை இல்லை. கி.மு. 1208 வாக்கில் பார்வோன் மெர்னெப்தா நிறுத்திய கல்வெட்டு, கானானில் ‘இஸ்ரவேல்’ என்றொரு மக்கள் கூட்டம் இருந்ததைக் குறிப்பிடுகிறது. எண்ணாகமம் தரும் எண்ணிக்கை மிகையாக இருக்கலாம். எகிப்திலிருந்து தப்பிய ஒரு சிறு கூட்டம் பாலைவனத்தைக் கடந்து வந்து, தன் நினைவை அந்த மக்கள் அனைவருக்கும் கொடுத்தது என்பதே என் முடிவு.

சகோதரி மிரியாம் காதேசிலும் சகோதரன் ஆரோன் ‘ஓர்’ என்னும் மலையிலும் இறந்த பின், மோசே மிச்சமிருந்தவர்களோடு மோவாப் சமவெளிக்கு வந்தார். யோர்தானைக் கடக்க அவருக்கு ஏன் அனுமதி கிடைக்கவில்லை என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.