கல் அரங்கும் கண்ணாடி அரங்கும்

உரோமாபுரியிலே கி.பி. 80-இல் கொலோசியம் திறக்கப்பட்டது. நூறு நாள் விழா! மனிதனை மனிதன் வெட்டினான், மக்கள் ஆரவாரித்தனர். அரங்கம் சென்றவன் முன்னினும் கொடியவனாகவே வீடு திரும்புகிறான் என்று, அதற்கு முன்பே எச்சரித்திருந்தார் அறிஞர் செனகா. கேட்டவர் எவர்?

பழங்கதை எனப் புறந்தள்ளலாமா? 1939 சூன் 17. புரட்சி கண்ட பிரான்சு நாடு. வெர்சேல்சு நகரத் தெருவிலே, கொலைக் குற்றவாளி ஒருவனின் தலை கில்லட்டினால் துண்டிக்கப்பட்டது. கூட்டம் கூச்சலிட்டது. மறைவிலே படக்கருவி சுழன்றது. ஏடுகளில் படங்கள் ஏறின. வெட்கிய அரசு ஒரு வாரத்தில் ஆணையிட்டது. எதை நிறுத்த? கொலையையா? அன்று! காட்சியை மட்டும். கில்லட்டின் சிறைக்குள் புகுந்தது. மரண தண்டனை ஒழிய 1981 வரை ஆயிற்று.

மதில் மறைத்ததை இன்று கைப்பேசி விரிக்கிறது. 2016-இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் நடந்த சாதி ஆணவக் கொலையின் படத்தை நாடே பார்த்தது. நீதிமன்றத்துக்கு அது சான்று, நமக்கு? பதறினோம், பகிர்ந்தோம், அடுத்த படத்துக்கு நகர்ந்தோம். அரிவாளைக் கண்ட கண், அதைத் தீட்டிய சாதியைக் காணவில்லையே!

பார்ப்பது குற்றமன்று, தோழர்களே. பார்த்தபின் ‘ஏன்’ என்று கேளாதிருப்பதே குற்றம். கேளாதவரை, கல்லால் கட்டினாலென்ன, கண்ணாடியால் கட்டினாலென்ன, அரங்கம் அரங்கமே. நாம் அதன் பார்வையாளரே!