மெலிவு ஸ்தாயியும் லயத்துச் சுவரும்

பழந்தமிழ் இசை நூலார் குரல் இயங்கும் நிலைகளை மெலிவு, சமன், வலிவு என மூன்றாக வகுத்தார்கள். பிற்காலத்துச் சங்கீத வித்வான்கள் மந்தரம், மத்தியம், தாரம் என்று சொல்லுவனவும் அவையே. மனிதருடைய கண்டத்திலிருந்து பிறக்கும்போது கீழ் ஸ்தாயி மெல்லியதாகவே பிறக்கிறபடியால் மெலிவு என்ற பெயர் அதற்கு மிகவும் பொருந்தியிருந்தது. ஆயினும் மின்சாரத்தின் துணையைப் பெற்ற நாள் முதல் அந்த மெலிவே சுவரைக் கடந்து அடுத்த வீட்டாரின் உறக்கத்தை அசைக்கும் வல்லமையைப் பெற்றுவிட்டது. ஆகையால், வீட்டில் பேஸ் கிட்டார் பயில எத்தகைய ஒலிபெருக்கி வேண்டும் என்று பேராக் மாநிலத்துத் தமிழ் இளைஞர் ஒருவர் கேட்பாரானால், அவருடைய முன்னோர் எத்தகைய வீடுகளில் வாழ்ந்தார்கள் என்ற சரித்திரத்திலிருந்தே அதற்கு விடை சொல்லத் தொடங்க வேண்டும்.

1877-ஆம் ஆண்டில் கோலகங்சாரில் நடப்பட்ட சில ரப்பர்க் கன்றுகள் இம்மாநிலத்தின் ரப்பர் சரித்திரத்துக்கு ஆரம்பம். இருபதாம் நூற்றாண்டு பிறந்த சில ஆண்டுகளுக்குள் காடுகள் அழிந்து பால்மரத் தோட்டங்கள் எழுந்தன. கப்பலேறி வந்த தமிழ் ஜனங்கள் அத்தோட்டங்களில் நீண்ட வரிசை வீடுகளில் குடியமர்த்தப்பட்டார்கள். ஆங்கிலேயர் 'லைன்' என்று அழைத்த அந்த வரிசை தோட்டத்துத் தமிழில் லயம் ஆயிற்று. தாளத்தின் சீரைக் குறிக்கும் லயம் வேறு, இந்த லயம் வேறு. எனினும் இரண்டும் ஒரே ஒலியில் வந்து அமைந்ததை நினைக்கும்போது நெஞ்சம் நெகிழ்கிறது. ஏனெனில் ஒரு குடும்பத்தின் பேச்சு, இருமல், குழந்தையின் அழுகை யாவும் மறு குடும்பத்தின் செவிக்கு எட்டும்படி, பல இடங்களில் இடைச்சுவர் கூரை வரையில்கூட எட்டாத அவ்வீடுகளில், ஒருவருடைய சீருக்கு இணங்கி மற்றவர் வாழ்ந்தாலன்றி வாழ்க்கையே நடந்திராது.

அந்நாளில் தோட்டத்து ஜனங்களுக்குக் கீழ் ஸ்தாயியின் சுகத்தைத் தந்த வாத்தியம் உறுமி. ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்து, மறு முகத்தைக் கோலால் அடித்து எழுப்பும் அந்த நாதம், மாரியம்மன் கோயில் திருவிழாவிலும், ஈப்போவின் கல்லுமலைக் கோயிலுக்குக் காவடி செல்லும் தைப்பூசத்திலும், இன்றளவும் கேட்போரின் மார்புக்குள் அதிர்கிறது. ஆனால் உறுமிக்கு உரிய இடம் திறந்த வெளி. அதற்கு உரிய காலம் ஊரே விழித்திருக்கும் காலம். விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்குக்கு நிற்க வேண்டியவர்கள் உறங்கும் இரவில், லயத்துக்குள் உறுமியைத் தேய்ப்பது வழக்கமன்று. ஒலிக்கு இடமும் காலமும் உண்டு என்னும் நாகரிகத்தை எந்தச் சட்டமும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. நெருங்கி வாழ்ந்த வாழ்க்கையே கற்பித்தது.

மின்சாரம் இம்மாநிலத்துக்கு முன்னரே வந்துவிட்டது. பேராக் நதியின் குறுக்கே செண்டரோ அணை 1930-இல் முடிந்து, கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்குச் சக்தியை அளித்தது. லயங்களிலோ அதற்குப் பின்னரும் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. பல தோட்டங்களில் நிர்வாகத்தின் ஜெனரேட்டர் மாலையில் சில மணி நேரம் மட்டும் ஓடி, இரவில் நின்றுவிடும்.

இந்நிலையில், உலகத்தின் மறு கோடியில் ஒரு புதிய வாத்தியம் பிறந்தது. 1951-இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பார் ஆளுயர டபுள் பேஸுக்கு மாற்றாக, தோளில் மாட்டிக்கொள்ளக்கூடிய மின்சார பேஸ் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டிலேயே அதற்கென 'பேஸ்மேன்' என்ற ஒலிபெருக்கியையும் அளித்தார். சாதாரண கிட்டாருக்கு அமைந்த பெட்டி இக்கீழ் ஸ்வரங்களின் அதிர்வைத் தாங்காது என்பதை வாத்தியம் செய்தவரே உணர்ந்திருந்தார் என்பதற்கு இது போதிய சான்று. 1961-இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவினரும் சிங்கப்பூருக்கு வந்து வாசித்த பின்பு, மலாயா எங்கும் கிட்டார்க் குழுக்கள் தோன்றின. மலாய் மொழியில் அவற்றுக்குக் 'கூகிரான்' என்று பெயர் வழங்கிற்று. பினாங்குத் தமிழ்ச் சகோதரர்களான லோகநாதனும் டேவிட் ஆறுமுகமும் தங்கள் அலிகேட்ஸ் குழுவின் மலாய்ப் பாடல்களால் நாடு முழுவதும் புகழ் பெற்றார்கள். 1976-இல் அன்னக்கிளி வாயிலாக அறிமுகமான இளையராஜாவின் பாடல்களிலோ, பேஸ் கிட்டார் தாளத்துக்குத் துணை நிற்பதோடு அமையாமல், தனக்கென ஒரு ராக வடிவம் உடைய தனிக் குரலாகவே ஒலிக்கத் தொடங்கிற்று. அப்பாடல்களைக் கேட்டு வளர்ந்த இளைஞர்கள் அந்த வாத்தியத்தின்மீது ஆசை கொண்டதில் ஆச்சரியம் இல்லை.

இதற்கிடையில் தோட்டங்களே மாறிக்கொண்டிருந்தன. பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட நாளில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் தொழிலாளரின் சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கும் பொருட்டு 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். ஆயினும் பால்மரம் இருந்த இடங்களில் செம்பனை வந்தது. ஜனங்கள் லயங்களை விட்டு ஈப்போவின் புந்தோங் போன்ற இடங்களுக்கும், தாமான் எனப்படும் புதிய குடியிருப்புகளின் மலிவு விலை வரிசை வீடுகளுக்கும் பெயர்ந்தார்கள். பலகைச் சுவர் போய்ச் செங்கற் சுவர் வந்தது. மாலை வேளை ஜெனரேட்டர் போய் நாள் முழுதும் 240 வோல்ட் மின்சாரம் வந்தது. ஆனால் அடுத்த வீட்டாரோடு சுவரைப் பகிர்ந்துகொள்ளும் நிலைமை மாறவில்லை.

பேஸ் கிட்டாரின் சுபாவத்தை இங்கே கவனிக்க வேண்டும். அதன் அடித்தந்தி விநாடிக்கு 41 முறை அதிர்கிறது. அவ்வலையின் நீளம் 8 மீட்டருக்கும் மேல். உயர்ந்த ஸ்வரங்களைச் சுவர் பெரும்பாலும் தடுத்துவிடும். இத்தகைய நீண்ட அலைக்கோ சுவர் தானும் உடன் அதிர்ந்து வழி விடுகிறது. அன்றியும், மெதுவாக ஒலிக்கையில் கீழ் ஸ்வரங்களை நம் செவி குறைவாகவே உணர்கிறது என்பதை ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-இல் அளந்து காட்டினார்கள். ஆகவே வாசிப்பவர் தமக்குப் போதவில்லை என்று ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறார். அது முழுதும் அயலாருடைய சுவரில் போய்ச் சேர்கிறது.

ஆதலால் வீட்டுக்கென ஒலிபெருக்கி வாங்குபவர் வாட் கணக்கைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. சக்தியை இருமடங்காக்கினால் ஒலி 3 டெசிபல் மாத்திரமே கூடும்; செவிக்கு இருமடங்காகத் தோன்ற ஏறக்குறையப் பத்து மடங்கு சக்தி வேண்டும். எனவே 15 வாட்டுக்கும் 30 வாட்டுக்கும் உள்ள பேதம் அற்பமே. அதைக் காட்டிலும், பேஸுக்கென்றே செய்யப்பட்ட பெட்டியா, அதன் ஸ்பீக்கர் 8 அல்லது 10 அங்குலம் உடையதா, ஹெட்ஃபோன் மாட்டும் துளை உண்டா, பாட்டை உடன் ஓடவிட்டுப் பயில வழி உண்டா என்று பார்ப்பதே விவேகம். மூலையில் வைத்தால் கீழ் ஸ்வரம் தேவைக்கு மேல் பெருகும். பொதுச் சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து சற்று உயர்த்தி, நம் செவியை நோக்கி வைத்தால் குறைந்த ஒலியே நிறைவளிக்கும். எர்த் இல்லாத இணைப்பில் மாட்டலாகாது. இடி மின்னல் மிகுந்த நம் நாட்டில், மழை இருட்டினால் பிளக்கைக் கழற்றி வைப்பது அவசியம்.

உறுமியைத் திறந்த வெளியில் முழக்கி, லயத்தின் இரவை அமைதிக்கு விட்டுவைத்த முன்னோரின் வழிமுறையைப் பின்பற்றுவதே இக்காலத்துக்கும் ஏற்றது. வீட்டுக்குச் சிறிய பெட்டி, இரவுக்கு ஹெட்ஃபோன், பெருமுழக்கத்துக்கு மேடை. தன் அறையில் தான் கேட்குமளவுக்கு வாசித்துத் தேர்ச்சி பெற்றவனே, மேடையில் ஊர் கேட்க வாசிக்கத் தகுந்தவன் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.