புறாவின் மூளைக்குள் பார்வை போகும் வழி

புறாவின் பார்வை நரம்பு ஏறத்தாழ முழுவதும் எதிர்ப்பக்கத்துக்குத் தாண்டிவிடுகிறது. வலக்கண் கண்டது மூளையின் இடப்பக்கத்துக்கும், இடக்கண் கண்டது வலப்பக்கத்துக்கும் போய்ச் சேரும். அதில் பெரும்பங்கு, நடுமூளையின் இருபுறமும் புடைத்து நிற்கும் டெக்டம் என்ற பகுதியில் முடிகிறது. அங்கிருந்து செய்தி எங்கே செல்கிறது என்பது தெளிவாக 1960கள் வரை ஆயிற்று. கருவிகளின் குறை இதற்கு ஒரு காரணம். பறவை மூளையைப் பற்றி முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்ட தீர்ப்பு அதைவிடப் பெரிய காரணம்.

தீர்ப்பை எழுதியவர்களில் முதன்மையானவர் ஜெர்மனியின் லுட்விக் எடிங்கர். அவரும் உடன்பணியாளர்களும் 1903இல் பறவைகளின் முன்மூளையைப் பற்றி விரிவான ஆய்வை வெளியிட்டனர். பாலூட்டிகளின் பெருமூளைப் புறணி ஆறு அடுக்குகள் கொண்டது. பறவையின் முன்மூளையிலோ அடுக்குகள் தென்படவில்லை. திரள் திரளாக நரம்பணுக்களே தெரிந்தன. பாலூட்டிகளில் புறணிக்கு அடியில் இருக்கும் ஸ்ட்ரையேட்டமும் இப்படித் திரளாகவே இருக்கும். ஆகவே பறவையின் முன்மூளை கிட்டத்தட்ட முழுவதும் பருத்த ஸ்ட்ரையேட்டம்தான் என்று முடிவு கட்டினார்கள். பகுதிகளுக்கு வைத்த பெயர்களிலெல்லாம் ‘ஸ்ட்ரையேட்டம்’ ஒட்டிக்கொண்டது. புறணி இல்லாத உயிரிடம் இயல்பூக்கம் மட்டுமே இருக்கும், கற்றலும் தேர்வும் இராது என்ற எண்ணம் பாடநூல்களில் அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்தது. பார்த்த வடிவத்தை வைத்து மட்டும் உறவு சொன்னதே இதன் அடிப்படைக் குறை.

1954இல் வெளிவந்த நௌட்டாவின் வெள்ளிச் சாயமுறை நிலைமையை மாற்றியது. மூளையின் ஒரு புள்ளியைச் சேதப்படுத்தி, சில நாள் கழித்துச் சாயமேற்றினால், அங்கிருந்து புறப்பட்ட நரம்பிழைகள் சிதையும் தடம் கறுத்துத் தெரியும். இந்த வகை முறைகளைக் கொண்டு அமெரிக்காவில் ஹார்வி கார்ட்டன் புறாவின் பார்வை வழியைத் தேடினார். டெக்டத்தின் இழைகள் தலாமஸ் என்ற பகுதியில் உள்ள ரொட்டண்டஸ் என்ற உருண்டையான நரம்பணுக் கருவுக்கு வருவதை 1966இல் ரெவ்சினுடன் சேர்ந்து காட்டினார். அங்கிருந்து வழி முன்மூளையின் எக்டோஸ்ட்ரையேட்டம் என்ற பகுதிக்குச் சென்றது.

தடம் கிடைத்தால் போதாது. அது பார்வைக்கு வேண்டியதா என்பதையும் சோதிக்க வேண்டும். வில்லியம் ஹோடோஸ் புறாக்களுக்கு ஒளிர்வையும் வடிவத்தையும் வேறுபடுத்தப் பயிற்சி அளித்தார். சரியான வட்டைக் கொத்தினால் தானியம் கிடைக்கும். ரொட்டண்டஸ் சேதமான பறவைகள் நன்கு பழகிய பாடத்தை இழந்தன. மறுபடி கற்க வெகுநாள் பிடித்தது. 1967இல் கார்ட்டனும் ஹோடோஸும் புறா மூளையின் வரைபட நூலை வெளியிட்டனர். அதன்பின் இத்துறைக்கு வந்தவர்கள் பலருக்கும் அதுவே கைவிளக்கு.

இரண்டாவது வழியும் உண்டு. விழித்திரையிலிருந்து நேரே தலாமஸுக்கும், அங்கிருந்து முன்மூளையின் உச்சியில் புடைத்திருக்கும் வுல்ஸ்ட்டுக்கும் அது செல்கிறது. புறாவில் வுல்ஸ்ட்டைச் சேதப்படுத்தினாலும் இத்தகைய சோதனைகளில் பெரிய இழப்பில்லை. இரு கண்களும் முன்னோக்கும் ஆந்தையில் கதை வேறு. அதன் வுல்ஸ்ட் பெரியது. தலாமஸிலிருந்து வரும் இழைகளில் ஒரு பகுதி மறுபடி குறுக்கே தாண்டுவதால் ஒவ்வொரு பக்கத்துக்கும் இரு கண்களின் செய்தியும் கிடைக்கிறது. இரு கண்களிலும் விழும் பிம்பங்களின் சிறு வேறுபாட்டுக்குத் துடிக்கும் நரம்பணுக்களைக் கூகை ஆந்தையின் வுல்ஸ்ட்டில் பெட்டிக்ரூவும் கோனிஷியும் 1976இல் கண்டனர். பூனையின் பார்வைப் புறணியில் அறியப்பட்டிருந்த குணம் அது.

எடிங்கரின் தீர்ப்பை உடைத்ததில் வேதியியலுக்கே பெரும்பங்கு. நரம்புச் செய்தியைக் கடத்தும் அசெட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைக் காட்டும் சாயமுறை 1949இல் வந்தது. மெல்லிய மூளைச் சீவலை அதற்கான கரைசலில் வைத்தால் நொதி நிறைந்த இடம் கரும்பழுப்பாகும். பாலூட்டிகளில் ஸ்ட்ரையேட்டம் அழுத்தமாகக் கறுக்கும், புறணி வெளிறியே நிற்கும். புறாவின் சீவலில் கறுத்தது முன்மூளையின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு பகுதி மட்டுமே. மேலே பரந்த பகுதி பெரும்பாலும் வெளிறியிருந்தது. 1967இல் ஜுவோரியோவும் மார்த்தே ஃபோக்ட்டும் பறவை மூளையில் ஸ்ட்ரையேட்டத்தின் மற்றொரு அடையாளமான டோபமினை அளந்தபோது, அதுவும் அதே அடிப்பக்கத்தில் செறிந்திருந்தது. பார்வைச் செய்தி வந்து சேரும் எக்டோஸ்ட்ரையேட்டம் அந்தப் பகுதிக்கு வெளியே, அதற்கு மேலே இருந்தது. அதாவது, உண்மையான ஸ்ட்ரையேட்டம் சிறியது. எஞ்சிய பெரும்பகுதி புறணியின் உறவு. கார்ட்டன் 1969இல் இந்த வாதத்தை விரித்து எழுதினார்.

நடுமூளையின் வேதியியலும் சுவையானது. டெக்டத்தோடு இஸ்த்மை என்ற கருக்கள் இணைந்திருக்கின்றன. ஒன்று அசெட்டைல்கோலின் வழியாக, செய்தி வந்த அதே இடத்துக்கே பதில் அனுப்புகிறது. மற்றொன்று காபா என்ற வேதிப்பொருள் வழியாக ஏனைய இடங்களை அடக்குகிறது. ஒரே நேரத்தில் பல உருவங்கள் தெரியும்போது கவனம் எதன்மேல் நிலைப்பது என்பதை இந்த அமைப்பு தீர்மானிக்கிறது என்பதற்கு ஆந்தைகளில் செய்த ஆய்வுகள் வலுவான சான்று தந்தன.

2002இல் டியூக் பல்கலைக்கழகத்தில் கூடிய ஆய்வாளர்கள் பழைய பெயர்களைக் களைய முடிவெடுத்தனர். 2004இல் வெளியான புதிய பட்டியலில் எக்டோஸ்ட்ரையேட்டம் என்டோபாலியம் ஆயிற்று. பாலூட்டிப் புறணியின் நான்காம் அடுக்கில் வெளிப்படும் மரபணுக்கள் பறவையின் புலனுள்ளீட்டுப் பகுதிகளிலும் வெளிப்படுவதை 2012இல் ஒரு குழு காட்டியது. 2020இல் ஜெர்மனியின் போஹும் குழு, புறாவிலும் கூகையிலும் நரம்பிழைகள் புறணியைப் போலவே நெடுக்கும் குறுக்குமாக ஓடுவதைத் துருவமுற்ற ஒளியின் உதவியோடு படமாக்கியது. இந்த ஒற்றுமை, சுமார் 32 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பொது மூதாதையிடமிருந்து வந்ததா, இரு கிளைகளிலும் தனித்தனியே உருவானதா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் பிரிந்தே நிற்கிறார்கள்.