காற்றைவிடக் கனம் குறைந்த கலங்கள்

காற்றைவிட எடை குறைந்த வாயுவை அடைத்து மிதக்கவைத்து, இயந்திர விசையால் வேண்டிய திசையில் செலுத்தப்படும் ஊர்தி ஆகாயக் கப்பல் எனப்படும். 1910 முதல் 1937 வரை பயணிகளைச் சுமந்த இவ்வூர்தியின் வரலாறு பெரும்பாலும் அதன் முடிவை வைத்தே நினைவுகூரப்படுகிறது; அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்ட் தளத்தில் ஹிண்டன்பர்க் என்னும் ஜெர்மானியக் கலம் எரிந்து விழுந்த காட்சி படச்சுருளில் பதிவாகி உலகெங்கும் திரையிடப்பட்டதால், அந்த நெருப்பே ஆகாயக் கப்பலை ஒழித்தது என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. ஆனால் சுமக்கும் எடைக்கும் ஈட்டும் வருவாய்க்கும் இடையிலான கணக்கு இவ்வூர்திக்கு ஒருபோதும் நேர்ப்படவில்லை என்பது அந்த நெருப்புக்கு வெகுகாலம் முன்பே தெரிந்துவிட்ட ஒன்று.

ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் ஏறக்குறைய 1.1 கிலோ எடையையே தூக்கும். ஆகவே மனிதரையும் எஞ்சினையும் எரிபொருளையும் ஒருசேரத் தூக்க வேண்டுமானால் கலத்தின் கொள்ளளவு பல்லாயிரம் கன மீட்டராக விரிந்தாக வேண்டும். அத்தனை பெரிய உருவம் குலையாதிருக்க உள்ளே உலோகச் சட்டகம் வேண்டும். அந்தச் சட்டகத்துக்கும் எடை உண்டு. ஜெர்மானியக் குதிரைப்படைத் தளபதியாயிருந்து ஓய்வுபெற்ற ஃபெர்டினாண்ட் ஃபான் ஸெப்பெலின், அலுமினியச் சட்டகத்துக்குள் தனித்தனி வாயுப் பைகளை வரிசையாக வைத்து மேலே துணி போர்த்திய 128 மீட்டர் நீளக் கலத்தை 1900 ஜூலை 2 அன்று கான்ஸ்டன்ஸ் ஏரியின் மீது பறக்கவிட்டார். 1908இல் எக்டர்டிங்கன் என்னுமிடத்தில் அவருடைய நான்காவது கலம் காற்றில் கட்டவிழ்ந்து எரிந்துபோனபோது, பொதுமக்கள் 60 லட்சம் மார்க்குக்கு மேல் நன்கொடை திரட்டித் தந்தனர். வணிகக் கணக்கு கைவிட்ட இடத்தில் தேசப் பெருமை கைகொடுக்கும் வழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது எனலாம். அவருடைய கலங்களில் பயணிகளை ஏற்றிச்செல்ல மறு ஆண்டு தோன்றிய டெலாக் நிறுவனம் நகரங்களுக்கிடையே கால அட்டவணைப்படி கலம் விட எண்ணியிருந்தும், வானிலை இடங்கொடாததால் பெரும்பாலும் உல்லாசச் சுற்றுகளையே நடத்தியது. எனினும் 1914 வரை ஏறத்தாழ 34,000 பேரை ஏற்றியும் ஒரு பயணியைக்கூட அது பலிகொடுக்கவில்லை.

பிரிட்டன் இவ்வூர்தியைப் பேரரசை இணைக்கும் கருவியாகக் கண்டது. கடல்வழியே வாரக்கணக்கில் நீண்ட இந்தியப் பயணத்தைச் சில நாட்களாகச் சுருக்கும் திட்டம் 1924இல் தீட்டப்பட்டது. கலத்தின் மூக்கைப் பிணைத்து நிறுத்துவதற்கான நங்கூரக் கோபுரம் எகிப்தின் இஸ்மாயிலியாவிலும், கலம் முழுவதும் உள்ளே நுழையக்கூடிய மாபெரும் கொட்டகை அன்றைய இந்தியாவின் கராச்சியிலும் எழுந்தன. இவ்வழிக்கென ஆர்101 கலத்தைக் கட்டியவர்கள், வெப்பநாடுகளில் பெட்ரோல் ஆவி எளிதில் தீப்பற்றும் என்று அஞ்சி டீசல் எஞ்சின்களைத் தேர்ந்தனர். அவையோ எதிர்பார்த்ததைவிட மிகக் கனமாக அமைந்தன. வெப்பத்தில் காற்றின் அடர்த்தி குறைய, கலத்தின் தூக்குதிறனும் குறையும் என்பதால், எந்த வெப்பத்துக்கு அஞ்சி எடை கூட்டப்பட்டதோ அந்த வெப்பமே அவ்வெடையைத் தூக்கும் வலுவையும் பறிக்கும் நிலை ஏற்பட்டது. குறையை ஈடுகட்டக் கலத்தை நடுவே வெட்டி 14 மீட்டர் நீளப் பகுதியொன்றைச் செருகினர். மாட்டுக்குடலின் சவ்வு பதித்த வாயுப் பைகளைப் பிணித்திருந்த கட்டுகளைத் தளர்த்தி அவற்றை மேலும் உப்பவிட்டனர். பைகள் சட்டகத்தில் உராய்ந்து ஓட்டை விழத் தொடங்கியதும், உராயும் இடங்களிலெல்லாம் ஆயிரக்கணக்கில் மெத்தைத் துண்டுகளைக் கட்டினர். நாசிக்கில் பிறந்தவரான விமானத்துறை அமைச்சர் தாம்சன் பிரபு, இந்தியா சென்று லண்டனில் கூடவிருந்த பேரரசு மாநாட்டுக்குள் திரும்பிவிட விரும்பினார். முழுவேகச் சோதனை முடியாமலே பறக்கும் தகுதிச் சான்று தரப்பட்டு, 1930 அக்டோபர் 4 மாலை மழைக்காற்றில் கலம் கார்டிங்டனிலிருந்து புறப்பட்டது. மறுநாள் அதிகாலை 2 மணிக்குமேல் பிரான்சின் போவே நகரருகே தரையில் மோதித் தீப்பற்றியதில், 54 பேரில் அமைச்சர் உட்பட 48 பேர் மாண்டனர். அதே திட்டத்தில் கட்டப்பட்டு, கனடாவுக்குப் போய்ப் பத்திரமாகத் திரும்பியிருந்த ஆர்100 கலத்தையும் அரசு உடைத்து விற்றுவிட, கராச்சிக் கொட்டகைக்கு எந்தக் கப்பலும் வந்து சேரவில்லை.

ஜெர்மனியில் ஸெப்பெலின் நிறுவனத்தை நடத்திய ஹ்யூகோ எக்கெனரின் தலைமையில் நிலைமை வேறாக இருந்தது. 1928இல் பறக்கத் தொடங்கிய கிராஃப் ஸெப்பெலின் கலம், காற்றின் அடர்த்தியையே ஏறக்குறைய ஒத்த வாயுவை எரிபொருளாகக் கொண்டதால் அது செலவாகும்போதும் கலத்தின் எடை பெரிதாக மாறவில்லை. அக்கலம் 1929இல் உலகைச் சுற்றியது. பின்னர் பிரேசிலுக்கு ஒழுங்காகப் போய்வந்தது. ஆனால் அதில் பயணிகள் படுக்க இருந்த இடம் 20 பேருக்கு மட்டுமே.

அதற்குப் பின் 1936இல் வந்த ஹிண்டன்பர்க், 245 மீட்டர் நீளமும் 2 லட்சம் கன மீட்டர் கொள்ளளவும் கொண்டது. எடைக்கு அஞ்சிப் பியானோவையும் அலுமினியத்தில் செய்தனர். எரிபொருள் தீரத் தீரக் கலம் இலேசாகி மேலெழும் என்பதால், வழியில் பெய்யும் மழைநீரைக் கூரைமேல் ஓடும் கால்வாய்களில் பிடித்துச் சுமையாக வைத்துக்கொண்டனர். ஹைட்ரஜன் உள்ளே கசியாதபடி சற்றே கூடுதல் காற்றழுத்தம் ஏற்றப்பட்ட, இரட்டைக் கதவுகொண்ட புகைபிடிக்கும் அறையில், கலத்திலேயே அனுமதிக்கப்பட்ட ஒரே பற்றவைப்பானான மின்கருவி வைக்கப்பட்டிருந்தது. இத்தனை ஏற்பாட்டின் பயன், இரண்டரை நாளில் அட்லாண்டிக்கைக் கடந்த ஐம்பது பயணிகள். அவர்களுக்கு ஏறத்தாழ நாற்பது ஊழியர்கள், தரையிறங்கும்போது கயிறு பிடிக்க இருநூறுக்கும் மேற்பட்ட ஆட்கள். கடைசிப் பயணத்தில் 36 பயணிகளுக்கு, பயிற்சியாளர்களையும் சேர்த்து 61 ஊழியர்கள் இருந்தனர். 1937 மே 6 அன்று அரை நிமிடச் சொச்சத்தில் கலம் எரிந்து முடிந்தபோது, அதிலிருந்த 97 பேரில் 35 பேரும் தரையில் நின்ற ஒருவரும் இறந்தனர். தீ மூண்ட காரணம் பற்றிய வாதம் இன்றும் ஓயவில்லை.

எரியாத வாயுவான ஹீலியம் அன்று பேரளவில் அமெரிக்காவிடம் மட்டுமே இருந்தது. விபத்துக்குப் பின் அதை விற்க அந்நாடு இசைந்திருந்தும், 1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்டதும் உள்துறைச் செயலர் ஹரோல்ட் இக்கிஸ் மறுத்துவிட்டார். ஹீலியம் கிடைத்திருந்தாலும் வழி பிறந்திருக்காது என்றே கொள்ள இடமுண்டு. அதை நிரப்பிய அமெரிக்கக் கடற்படையின் ஆக்ரன் கலம் 1933இல் புயலில் சிக்கிக் கடலில் விழ, 76 பேரில் 73 பேர் மாண்டிருந்தனர். 1939 ஜூனில் பான் அமெரிக்கன் நிறுவனம் போயிங் 314 பறக்கும் படகு விமானங்களைக் கொண்டு அட்லாண்டிக் பயணிகள் சேவையைத் தொடங்கியபோது, ஒருவழிக் கட்டணம், ஹிண்டன்பர்க்கின் முதலாண்டுக் கட்டணமான 400 டாலரைவிடக் குறைவாக, 375 டாலராக இருந்தது.