பசுவின் குடலில் மறைந்திருந்த பகை

1894ஆம் ஆண்டளவில் ஜேர்மனியின் ஒல்டன்பேர்க் பகுதியிலே கமக்காரர் ஒருவர் பசுவொன்றை வாங்கினார். பார்வைக்கு நல்ல பசு. ஆயினும் உடல் தேறவில்லை, பாலும் பெருகவில்லை. சயரோகமோ என ஐயுற்ற கால்நடை வைத்தியர் ரியூபர்க்குலின் ஊசியிட்டுச் சோதித்தார். சோதனை ‘இல்லை’ என்றது. பசுவோ மெலிந்து மாண்டது.

அதன் குடல் டிறெஸ்டன் நகருக்கு அனுப்பப்பட்டது. அங்கே யோனே என்னும் அறிஞரும், அமெரிக்காவிலிருந்து வந்திருந்த புரொதிங்கம் என்பவரும் அதனை ஆராய்ந்து, 1895இல் தம் முடிவை வெளியிட்டனர். குடலின் உட்சுவர் தடித்திருந்தது. அதனுள்ளே சயரோகக் கிருமியை ஒத்த கோலுருக் கிருமிகள் காணப்பட்டன. பறவைகளின் சயரோகக் கிருமியே இதற்குக் காரணம் என அவர்கள் கருதினர். இது வேறொரு நோய் என்பதை 1906இல் டென்மார்க்கு அறிஞர் பாங் நிறுவினார். பின்னர் அது ‘யோனே நோய்’ என வழங்கலாயிற்று.

ஆனால், கிருமியைப் பசுவின் உடலுக்கு வெளியே வளர்ப்பது எளிதாயிருக்கவில்லை. தான் வளர்வதற்கு வேண்டிய ஒரு பொருளை ஆக்கும் ஆற்றல் இதற்கு இல்லை என இங்கிலாந்தின் துவோட் ஊகித்தார். அப்பொருளை ஆக்கவல்ல உறவுக் கிருமிகளைக் கொன்று வளர்ப்பூடகத்திலே கலந்தார். கிருமி வளர்ந்தது, அச்செய்தியை அவர் 1910இல் அறிவித்தார். இரும்புச் சத்தைக் கவர்ந்து தரும் அப்பொருளுக்குப் பிற்காலத்தில் மைக்கோபக்ரின் எனப் பெயரிட்டனர்.

கிருமி கைக்கு வந்தபின்பும் ஒரு புதிர் எஞ்சி நின்றது. நோய்க்கிருமியை எதிர்க்க இரத்தத்திலே தோன்றும் பொருள்களைப் பிறபொருளெதிரிகள் என்கிறோம். அவை மிகுந்திருக்கும் பசு பிழைக்கவேண்டும் அல்லவா? யோனே நோயிலோ, அவை மிகுந்த பசுவே பெரும்பாலும் அழிவை நெருங்கியிருந்தது.

விடை கிருமியின் இருப்பிடத்தில் உள்ளது. சாணம் பட்ட பாலோடும் தீனியோடும் அது இளங்கன்றின் குடலை அடைகிறது. அங்கே அதை விழுங்கிக் கொல்லவேண்டிய காவற் கலங்களின் உள்ளேயே அது குடிகொள்கிறது. இரத்தத்தில் உலவும் பிறபொருளெதிரி அவ்வறைக்குள் எட்டுவதில்லை. முதலில் வேறுவகை வெண்கலங்கள் இன்ரபெரோன் காமா என்னும் பொருளைச் சுரந்து, அக்காவற் கலங்களுக்கு உரமூட்டுகின்றன. இக்காவல் நிலைக்குமட்டும் பசு நலமாய்த் தோன்றும். பல ஆண்டுகளின் பின் காவல் தளர, கிருமி பெருகிச் சாணத்தோடு வெளியேறும். பிறபொருளெதிரியும் அப்போதுதான் உயரும். ஆகவே அது வெற்றிக் கொடியன்று. கோட்டை வீழ்ந்தபின் அடிக்கப்படும் மணி. இரத்தச் சோதனை பிந்தி எச்சரிப்பதும் இதனாலேயே.

பிரான்சிலே வல்லே, ரின்ஜார் என்போர் 1926இல் தடுப்பூசியொன்றை அறிமுகஞ் செய்தனர். இத்தகைய தடுப்பூசிகள் நோயின் கொடுமையைக் குறைத்தன. தொற்றை முற்றாய்த் தடுக்கவில்லை. மேலும், ஊசி பெற்ற பசு சயரோகம் இல்லாமலே ரியூபர்க்குலின் சோதனையில் ‘உண்டு’ எனக் காட்டக்கூடும். ஒல்டன்பேர்க்குப் பசுவை நோயற்றதெனக் கூறிய சோதனை, இங்கே நோயற்ற பசுவின்மேல் பழி சுமத்துகிறது!

பண்ணைக்கு உதவும் குணமாக்கும் மருந்து இன்றும் இல்லை. பிறந்த கன்றை உடனே பெரிய மாடுகளின் சாணத்திலிருந்து அகற்றி, தூய இடத்தில் வளர்த்து, நோயற்ற பசுவின் பாலை ஊட்டுவதே உறுதியான காவல். தொழுவத்தைக் கன்று பிறந்த நாளிலே காப்பவனே, ஆண்டுகள் கழித்துப் பசுவையும் காக்கிறான்.