மலசாடா: சமையலறையைக் காலி பண்ணப் பிறந்த ஹவாய் ஸ்வீட்!

ஹவாய் டூர் வீடியோக்களில், சர்க்கரையில் புரட்டி எடுத்த ஒரு பலகாரத்தை எல்லோரும் க்யூவில் நின்று வாங்குவதைப் பார்த்திருப்பீங்க. டோனட் மாதிரிதான் இருக்கும். ஆனா நடுவில் ஓட்டை இருக்காது. அதுதான் மலசாடா. இன்றைக்கு ஹவாயின் அடையாளமே இதுதான். ஆனா, இது பிறந்த ஊர் ஹவாய் இல்லை!

கப்பலில் வந்த கைப்பக்குவம்

1878-ல் 'பிரிசில்லா' என்ற கப்பல் ஹொனலுலு வந்து சேர்ந்தது. அதில் வந்தவர்கள், அட்லாண்டிக் கடலில் இருக்கும் மடெய்ரா என்ற போர்ச்சுகல் தீவின் மக்கள். ஹவாயின் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக வேலை செய்ய வந்தவர்கள். அடுத்தடுத்த வருடங்களில் அசோர்ஸ் தீவுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கில் வந்தாங்க. மாதக்கணக்கில் கப்பல் பயணம். நினைச்ச உடனே ஊர் திரும்ப முடியாத தூரம். அவங்க கூடவே வந்த ஊர்ப் பலகாரம்தான் மலசாடா.

ஏன் செவ்வாய்க்கிழமை?

இவர்கள் கத்தோலிக்கர்கள். ஈஸ்டருக்கு முந்தைய 40 நாள் தவக்காலம், சாம்பல் புதனன்று தொடங்கும். அந்த நாள்களில் கொழுப்பு, முட்டையெல்லாம் தொடக் கூடாது என்பது பழைய வழக்கம். வீட்டில் மிச்சமிருப்பதை வீணாக்க முடியுமா? முதல் நாள் செவ்வாய்க்கிழமையே எல்லாத்தையும் போட்டு மாவு பிசைந்து சுட்டுத் தள்ளிடுவாங்க.

அவ்வளவையும் ஒரே வீட்டில் சாப்பிட முடியாதே! தோட்டக் குடியிருப்பில் பக்கத்திலேயே ஜப்பான், சீனா, பிலிப்பைன்ஸ் தொழிலாளர்கள். அவங்களுக்கும் பங்கு போச்சு. இப்படித்தான் ஒரு மதத்தின் நோன்புப் பலகாரம், ஊருக்கே பொதுவாச்சு. அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு ஹவாயில் இப்போ பேரே 'மலசாடா டே'!

கடைக்கு வந்த கதை

1952-ல் லியோனார்ட் ரேகோ ஹொனலுலுவில் 'லியோனார்ட்ஸ் பேக்கரி'யைத் தொடங்கினார். போர்ச்சுகீசியக் குடும்பத்துப் பேரன். "அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு மலசாடா போடு" என்று யோசனை சொன்னது அவர் அம்மா. அது ஹிட்டாகி, வருஷம் முழுக்க விற்கும் பலகாரமா மாறிடுச்சு.

உள்ளே என்ன?

மைதா, முட்டை, பால், வெண்ணெய், ஈஸ்ட். மாவு நல்லா உப்பி வந்ததும் எண்ணெயில் பொரித்து, சூட்டோடு சர்க்கரையில் புரட்டணும். வெளியே லேசான மொறுமொறு, உள்ளே பஞ்சு. தேங்காய்ப்பால் 'ஹௌபியா', கஸ்டர்ட், கொய்யா என்று உள்ளே நிரப்புவது ஹவாய்க்காரர்கள் சேர்த்தது. ஆறினா பாதி ருசி போயிடும். வாங்கின இடத்திலேயே சாப்பிட்டுடுங்க.

ஹவாயின் கடைசிக் கரும்பு ஆலை 2016-ல் மூடப்பட்டது. எந்தக் கரும்புக்காக அந்த மக்களைக் கடல் தாண்டிக் கூட்டி வந்தாங்களோ, அந்தத் தொழிலே இப்போ அங்கே இல்லை. அவங்க பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய பலகாரம் மட்டும், இன்னமும் சுடச்சுடப் பொரிந்துகொண்டிருக்கிறது.